அந்த ஒரு மணி நேரம்
மார்ச் பிறந்தால் கொச்சி தேவரா பஸ் நிறுத்தம் முழுக்க எஸ்எஸ்எல்சி பேச்சுதான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்றதும், “அதிர்ஷ்டக்காரன்” என்று யாராவது முணுமுணுப்பார்கள். எனக்கோ 2021 நீட் தேர்வு நினைவுக்கு வரும். எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு விதிப்படி ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு; தேர்வறையில் மற்றவர்களோடு சேர்த்தே விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அநியாயம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது, ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. கற்றல் குறைபாட்டை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றிருக்கிறது. ஒளிச்சேர்க்கையைச் சரியாக விளக்கிய பிள்ளைக்கு எழுத்துப்பிழைக்காக மதிப்பெண்ணை வெட்டினால், அது அறிவியல் பரீட்சையா, என்ன? கண்காணிக்கப் போகும் ஆசிரியர்களே, முதல் நாளாவது இந்தச் சலுகைகளைப் பற்றிய சுற்றறிக்கையைப் படித்துவிடுங்கள்.