அடுப்படிக்கு ஒரு சட்டம், மலையடிக்கு ஒரு சட்டமா?

குளுவாங் தாமான்களில் வீட்டுக்குப் பின்னால் அடுப்படியை நீட்டிக் கட்டியவர்கள் அனைவரும் முழு பிளான் சமர்ப்பித்துப் பெர்மிட் எடுத்தாக வேண்டும், இல்லையேல் கட்டியதை இடிக்க வேண்டும் என்ற நகராண்மைக் கழகத்தின் முடிவில் மாற்றம் எதுவும் இல்லையாம். மனுவைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குக் கிடைத்த பதில் ஒரே வரி: சட்டம் எல்லாருக்கும் பொது.

பொதுவா? பார்த்துவிடுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நமக்குக் குழப்பமில்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், 70ஆவது பிரிவு. ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் யாரும் எந்தக் கட்டடமும் எழுப்பக் கூடாது. இருக்கிற வீட்டோடு சேர்த்துக் கட்டுவதும் மாற்றிக் கட்டுவதும் அதில் அடக்கம். மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் மேற்கொண்டு 1,000 ரிங்கிட் வரை தண்டம். நாற்பது மாடிக் கட்டடத்துக்கும் பத்தடி அடுப்படிக்கும் இதே வாசகம்தான்.

விதிகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள், ஓர் அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது சன்னலாக இருக்க வேண்டும் என்கின்றன. பின்பக்கத்தை அடைத்துக் கட்டினால் நடு அறை இருண்டுபோகும், புகை வெளியேறாது, தீப்பிடித்தால் ஓட வழியிருக்காது. பக்கத்து வீட்டுச் சுவரில் உத்தரத்தைச் செருகியவர்களும், பின்சந்துக் கால்வாய்மேலேயே சிமெண்டு போட்டவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்காக இந்த ஏடு வாதாடப் போவதில்லை.

ஆனால் இந்த முடிவு யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்று பாருங்கள். நியோர், லம்பாக், எலாயிஸ் என்று குளுவாங்கைச் சுற்றிய தோட்டங்களில் பால்மரமும் செம்பனையுமாக ஆயுளைக் கழித்து, ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து மலிவு விலை வீடு வாங்கியவர்களின் வாசலில்தான். அந்த வீட்டின் அளவை அவர்கள் தீர்மானிக்கவில்லை. 1982இல் மலிவு வீட்டின் விலை 25,000 ரிங்கிட் என்று அரசு நிர்ணயித்தது. 1998 வரை அந்த விலை அசையவில்லை. நிலத்தின் விலை ஏறியது, சிமெண்டு ஏறியது, கூலி ஏறியது. விற்கும் விலை மட்டும் ஏறக் கூடாது என்றால் கட்டுகிறவர் எதைச் சுருக்குவார்? வீட்டைத்தான் சுருக்கினார். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், பின்னால் அடுப்படி என்ற பெயரில் ஓர் ஓரம். 1998இல் இடத்துக்கேற்ப விலையை 42,000 ரிங்கிட் வரை உயர்த்தி, மூன்று படுக்கையறை வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே சாவி வாங்கியவர்கள் வாங்கியதோடு சரி.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். குளிர்பெட்டி கூடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்தில் நிற்கும். ஒருவர் சமைத்தால் மற்றவர் குளியலறைக்குப் போக ஒதுங்கி வழிவிட வேண்டும். மீன் பொரித்தால் மகனின் பள்ளிச் சட்டையில் வாடை. துணைவிதிப்படி சமையலறை 4.5 சதுர மீட்டர் இருந்தால் போதும். ஒரு கட்டிலும் அலமாரியும் போட்டால் நிரம்பிவிடுகிற இடம் அது. சட்டத்துக்கு அது போதும். மூன்று பிள்ளைகள், மருமகள், தீபாவளிக்கு முறுக்கு பிழிய வரும் அக்காள் தங்கைகள் என்றிருக்கும் குடும்பத்துக்குப் போதாது. லயத்து வீட்டில்கூடப் பின்னால் கொட்டகை போட்டு விறகடுப்பு வைக்க இடமிருந்தது. ஆகவே பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தெரிந்த கொத்தனாரை வைத்து, நான்கு தூண், செங்கல் சுவர், மேலே சிங்க் கூரை என்று நீட்டிக்கொண்டார்கள். தெரு முழுக்க நீட்டியது. ஒருவரும் ஒளித்துக் கட்டவில்லை. வீட்டு வரி நோட்டிஸ் ஆண்டுதோறும் அதே வாசலுக்குத்தான் வந்தது, அவர்களும் கட்டினார்கள்.

இப்போது அந்தக் குடும்பத்திடம் என்ன கேட்கிறார்கள்? இட அமைவுப் படம், தரைப் படம், முகப்புப் படம், குறுக்கு வெட்டுப் படம். கிராண்ட் எனும் நிலப் பட்டாவின் நகல். நிலவரி ரசீது. வீட்டு வரி ரசீது. அடையாள அட்டை நகல். இரு பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம். முன்பணம். இந்தப் படங்களில் எதையும் வீட்டுக்காரர் தாமே வரைந்து கொடுத்துவிட முடியாது. கட்டடக் கலைஞரோ, பொறியாளரோ, பதிவு பெற்ற பிளான் வரைவாளரோ கையெழுத்துப் போட வேண்டும். தூண் எத்தனை அடி ஆழத்தில் இறங்கியிருக்கிறது என்று கேட்டால், அன்றைக்குக் கட்டிய கொத்தனாரை எங்கே போய்த் தேடுவது? தான் பார்க்காத அடித்தளத்துக்குக் கையெழுத்துப் போட எந்தப் பொறியாளர் முன்வருவார், என்ன விலைக்கு? வலப்பக்கத்து வீட்டை வாங்கியவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். அவரிடம் சம்மதக் கடிதம் வாங்குவது எப்படி? இடப்பக்கத்து வீட்டாரும் நீட்டியிருக்கிறார்கள், தங்களுக்கே பெர்மிட் இல்லாதபோது அடுத்தவர் தாளில் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்கள். கிராண்ட் வங்கியில் கிடக்கிறது. கணவர் இறந்து, பெயர் மாற்றாமலே காலம் ஓடிவிட்ட வீடுகளில் விண்ணப்பிக்க வேண்டியவர் யார் என்பதே ஒரு வழக்கு. கையெழுத்துக்கும் படத்துக்கும் ஆகிற தொகையில், அடுப்படியைக் கட்டிய காலத்தில் பாதி அடுப்படி எழும்பியிருக்கும்.

எல்லாம் இணையம் வழிதான் என்கிறார்கள். அறுபத்தைந்து வயதில் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தை ஏற்றச் சொல்லுங்கள், கோப்பின் அளவு அதிகம் என்று திருப்பி அனுப்பும். நேரில் போனால் இணையம் வழி வா என்பார்கள். 2007 ஏப்ரலில் பிளான் விண்ணப்பங்களுக்கு ஒரே இட மையம் என்ற ஏற்பாட்டை நாடு முழுக்கக் கொண்டுவந்தபோது, அலைச்சல் ஒழிந்தது என்றுதான் சொன்னார்கள். வீடமைப்பு நிறுவனத்துக்கு ஒழிந்திருக்கலாம், அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அடுப்படி நீட்டிய குடும்பங்களுக்கு ஒழியவில்லை.

இவ்வளவு கறாராக இருப்பவர்கள் எல்லாவற்றிலும் கறாராக இருந்திருந்தால் நாம் வாயைத் திறந்திருக்க மாட்டோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரே நீரில் மிதந்தபோது குளுவாங் என்ன பாடுபட்டது என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் மறுபடியும் இந்த மாவட்டத்து மக்கள் துயர்துடைப்பு மையங்களில் பாய் விரித்தார்கள். மெங்கிபோல் ஆற்றை ஒட்டி எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று முத்திரை குத்தியவர்கள் சிங்க் கூரைக்காரர்களா? சிம்பாங் ரெங்கம் குப்பைமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கழிவுநீர் ஆற்றில் கலந்து, அம்மோனியா ஏறி, சுத்திகரிப்பு நிலையம் மூடப்படுவதும் குழாயில் காற்று வருவதுமாக 2017 முதல் 2019 வரை மக்கள் வாளியோடு அலைந்தார்கள். அந்தக் குப்பைமேட்டுக்கு நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட் தண்டம் என்று யார் கணக்கெழுதினார்?

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளான் மலையடியில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து விழுந்தது. 48 பேர் மாண்டார்கள். பிளான் இருந்தது, முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. எஞ்சிய குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2006இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பாளியாக்க முடியாது என்பது தீர்ப்பு. காரணம்? அதே 1974ஆம் ஆண்டுச் சட்டம், 95ஆவது பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. பிளானை அங்கீகரித்ததாலோ கட்டடத்தைப் பரிசோதித்ததாலோ விளைகிற எதற்காகவும் ஊராட்சி மன்றத்தின்மீதோ அதன் அதிகாரிமீதோ வழக்குத் தொடுக்க முடியாது.

எழுபதாம் பிரிவில் அடுப்படிக்காரருக்குச் சிறை. தொண்ணூற்றைந்தாம் பிரிவில் அங்கீகரித்தவருக்குக் கவசம். இரண்டும் ஒரே சட்டப் புத்தகத்தில், சில பக்க இடைவெளியில். எல்லாருக்கும் பொது என்று பதில் எழுதிய புண்ணியவான் இந்த இரண்டாவது பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். நகராண்மைக் கழகத்தில் அமர்ந்திருக்கும் எவரும் நம் ஓட்டு வாங்கி வந்தவர் இல்லை. 1965இல், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். ஆணையம் அலசி ஆராய்ந்து, தேர்தல் வேண்டும் என்றே 1968இல் அறிக்கை கொடுத்தது. ஒரு தமிழர் தலைமையில் வந்த, இந்நாட்டின் ஊராட்சி பற்றிய மிக விரிவான ஆய்வுகளில் ஒன்று அது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வந்தது: தலைவரோடு எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்கள், அனைவரும் மாநில அரசின் நியமனம். 2018இல் ஆட்சி மாறியபோது மறுபடியும் தேர்தல் பேச்சு எழுந்தது. இனப்பூசல் வரும் என்று சொல்லி அந்த ஆண்டே பிரதமர் மகாதீர் கதவைச் சாத்தினார். சமையலறைக்கு எட்டடி வேண்டுமா பத்தடி வேண்டுமா என்று முடிவெடுப்பவரைத் தேர்ந்தெடுத்தால் நாட்டில் இனக்கலவரம் வந்துவிடுமாம்! அடுத்த முறை ஓட்டு கேட்டு வர வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால், இந்த நோட்டிஸில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறையாவது அந்தத் தெருவில் நடந்து பார்த்திருப்பார்கள்.

வேறு வழியே இல்லை என்ற சாக்கும் எடுபடாது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர் இணையத்தில் சுயச்சான்று கொடுத்து உடனே அனுமதி பெறலாம். கட்டணம் அதிகம் என்ற முணுமுணுப்பு அங்கே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். சின்ன வீட்டைப் பெரிய கட்டடத்தின் வரிசையில் நிறுத்தக் கூடாது என்பதாவது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. இங்கிலாந்தில் வரிசை வீட்டின் பின்பக்கம் மூன்று மீட்டர் வரை ஒற்றை மாடியாக நீட்டத் திட்ட அனுமதியே கேட்பதில்லை. பாதுகாப்பு விதிகளை மட்டும் பார்க்கிறார்கள். நம் சட்டத்தின் தாய்வீடு அதுதானே.

நாம் கேட்பது இவ்வளவுதான். ஆபத்தானதை இடியுங்கள், கால்வாயை மறித்ததை அகற்றுங்கள். மற்றவற்றுக்கு, ஏழைக் குடும்பத்தால் ஏற முடிகிற ஒரு படியைக் கட்டிக் கொடுங்கள். எப்படி என்பதை, சம்பளமும் படியும் வாங்குகிறவர்கள் யோசிக்கட்டும். அதுவரை இந்த முடிவை நிறுத்திவையுங்கள். நோட்டிஸ் வந்த வாசகர்கள் பயந்துபோய் யாரோ ஒரு தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். கவுண்டரில் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் முத்திரையிட்ட ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெருவாகச் சேர்ந்து போங்கள்.