பெயிண்டுக்கு முன்னால்...

"பெயிண்ட்தானே, நாமே அடிச்சா போச்சு!" என்போம். தப்பில்லை. ஆனால் உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசிக்கணும், நண்பர்களே!

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடுதான் டிராவல் டிரெய்லர். 1936-இல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர், அலுமினிய உடம்போடு பேர் வாங்கியது. பழைய டிரெய்லரை வாங்கி, உள்ளே தன் கையாலேயே பெயிண்ட் அடிப்பது அங்கே பலருக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனால், வீட்டுப் பெயிண்டில் காரீயத்துக்கு அங்கே தடை வந்ததே 1978-இல்தான். அதற்கு முந்தைய வண்டியின் சுவரில் காரீயம் இருக்கலாம். உலர்ந்தபடியே தேய்த்தால் தூள் பறக்கும். அந்தச் சின்ன இடத்தில் அது எங்கே போகும்? நம் மூச்சுக்குள்தான்! குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுத்துவிடும்.

எனவே முதலில் சோதனை. காரீயம் இருந்தால் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கணும். துணி கட்டினால் போதாது, தூளை வடிகட்டும் ரெஸ்பிரேட்டர் வேண்டும். குழந்தைகள் கிட்டேயே வரக் கூடாது. பிறகு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, அலுமினியத்துக்கு ஏற்ற பிரைமர். பெயிண்ட் கடைசியில்தான், அதுவும் மெல்லிசாக இரண்டு கோட்.

மேலே அடித்த நிறம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அடியில் செய்த வேலை தெரியாது. அந்தத் தெரியாத வேலையை ஒழுங்காகச் செய்பவரே டெக்னீஷியன் என்பேன்!