பூட்டி வெச்ச கேமுக்கு மாதச் சந்தா

திருவிழா அறிவிப்புன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும், இன்னிக்கு விஷயம் வேற.

போன ஞாயிறு அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தோம். எங்களோடு தொண்டூழியம் செய்யும் அக்கா ஒருத்தர் போனில் கடன் அட்டைக் கணக்கைக் காட்டினார். "தம்பிங்களா, இது என்ன மாசா மாசம் போய்க்கிட்டே இருக்கு?" பார்த்தா, மகனோட கேம் சந்தா. ஜூன் விடுமுறைக்கு எடுத்தது. ஓ லெவல் தேர்வுன்னு ஜூலையில் கன்ட்ரோலரை அலமாரியில் வெச்சுப் பூட்டினதே அக்காதான்! பூட்டின கேமுக்கு நாலு மாசம் பணம் போயிருக்கு.

சந்தாவே வேண்டாம்னு நாங்க சொல்லல. எங்களிலும் விளையாடுறவங்க இருக்காங்க. புதுசா வரும் பெரிய கேம் ஒன்று அமெரிக்க விலையில் 70 டாலர். விடுமுறையில் ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டி மூணு கேமை முடிச்சா லாபம்தான். ஆனா வருஷம் முழுக்க ஒரே காற்பந்து கேமை ஆடுற பிள்ளைக்கு நூறு கேம் எதுக்கு? டிஸ்க்கா வாங்கினா, சலிச்சதும் கரோசலில் விக்கலாம். சந்தாவை நிறுத்தினா கையில் ஒண்ணும் மிஞ்சாது.

விலையும் நிலையா இல்ல. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் 2019இல் அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர். 2025 அக்டோபரில் 29.99 ஆக்கினாங்க. பட்டியலும் மாறிக்கிட்டே இருக்கும். ஜிடிஏ 5 அதில் 2023 ஜூலையில் வந்து 2024 ஜனவரியில் போயிடுச்சு. (அது பிள்ளைங்க ஆடவேண்டிய கேமே இல்ல, அது தனிக் கதை.) பாதியில் நிக்கிற கேம் போயிட்டா, மறுபடி காசு கொடுத்து வாங்கணும்.

இன்னொண்ணு. "நண்பர்களோட ஆன்லைனில் ஆடணும், பெரிய பிளான் எடுங்க"ன்னு பிள்ளைங்க கேப்பாங்க. பிளேஸ்டேஷனில் அதுக்கு இருப்பதிலேயே குறைந்த எசென்ஷியல் போதும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு அதுவும் தேவையில்ல.

அக்கா அன்னிக்கே ரத்து பண்ணிட்டார். டிசம்பரில் ஒரே ஒரு மாதம் எடுக்கலாம்னு மகனோடு ஒப்பந்தம். எடுத்த அன்னிக்கே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திடணும். நிறுத்தினாலும் கட்டின நாள் முடியும்வரை ஆடலாம், பயப்பட வேண்டாம்.

நிறுத்தத் தெரியாத பெற்றோர் ஞாயிறு மதியம் போனை எடுத்துக்கிட்டு வாங்க. பாத்திரம் கழுவுற இடத்துலதான் இருப்போம்.