வேர்டு லிஸ்ட்டை மூடுங்க... ஷேர் ஆட்டோவில் ஏறுங்க!

கோவிலம்பாக்கம், மேடவாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் தங்கி ஃபைனல் இயர் படிக்கிற நண்பர்களே... ஜி.ஆர்.இ. எழுதலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? முதல் வேலையா தடிமனான ஒரு வேர்டு லிஸ்ட்டை வாங்கி, 'ஏ'-வில் ஆரம்பிச்சு, 'பி' முடியறதுக்குள்ள மூடி வெச்சிருப்பீங்களே! 'நான் தமிழ் மீடியம், வெர்பல் எல்லாம் நமக்கு வராது'ன்னு ஒரு பெருமூச்சு வேற.

கொஞ்சம் பொறுங்க. குறை உங்க மீடியத்தில் இல்லை. அகரவரிசையில் மனப்பாடம் பண்றதில்தான் இருக்கு. நம் முன்னோர் இதைவிட நல்ல வழி வைத்திருந்தார்கள். அதன் பெயர் நிகண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒப்பித்த செய்யுள் அகராதி. மண்டலபுருடர் எழுதிய சூடாமணி நிகண்டில் 12 தொகுதிகள். தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வாரியாகப் போகும். 11-வது தொகுதி முழுக்க, ஒரே சொல்லுக்கு உள்ள பல பொருள்கள்.

ஜி.ஆர்.இ. கேட்பதும் இதைத்தான்! எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் எல்லாம் 2011-லேயே போயாச்சு. இப்போ 'சென்டென்ஸ் ஈக்குவலன்ஸ்' கேள்வியில், ஆறு வார்த்தைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கணும். எதைப் போட்டாலும் வாக்கியத்தின் அர்த்தம் ஒன்றாகவே வரணும். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் மார்க் கிடையாது. ஆக, வார்த்தையைத் தனியாகப் படித்துப் பயனில்லை. கூட்டமாகப் பிடிக்கணும்.

எங்கே பிடிப்பது? பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ போதும். ஏறினதில் இருந்து பேச்சை நிறுத்தாதவர்: லொக்வேஷியஸ், கேருலஸ், வாலுபிள். கேட்டாலும் வாயைத் திறக்காதவர்: டாசிடர்ன், ரெட்டிசென்ட். 'நிறுத்துப்பா' என்ற ஒரே சொல்லோடு இறங்கிப் போகிறவர்: லாக்கோனிக், டெர்ஸ். சில்லறைக்குச் சண்டை வளர்ப்பவர்: கன்டென்ஷியஸ், குவாரல்சம். பர்ஸையே திறக்க மனசு வராதவர்: பார்சிமோனியஸ், மைசர்லி. இவரை 'ஃப்ரூகல்' கூட்டத்தில் சேர்த்துடாதீங்க. ஃப்ரூகல் சிக்கனம், பார்சிமோனியஸ் கஞ்சத்தனம். தமிழில் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. ஆங்கிலத்திலும் அதே காதைத் தீட்டினால் போதும்.

அடுத்தது, ஸ்கூலில் படிச்ச பகுபத உறுப்பிலக்கணம். பகுதி தெரிந்தால் பாதி அர்த்தம் பிடிபடும் இல்லையா? 'லொக்வி' என்றால் லத்தீனில் பேசுவது. லொக்வேஷியஸ் (வளவள பேச்சு), எலக்வென்ட் (நாவன்மை), கலோக்வியல் (பேச்சுவழக்கு), சலிலக்வி (தனக்குத் தானே பேசுதல்)... ஒரு வேரைப் பிடித்தால் நாலு வார்த்தை கையில்!

மூன்றாவது, தெரிந்த வார்த்தைகளிடம் உஷார். 'ஃப்ளாக்' என்றால் கொடி மட்டுமல்ல, தளர்ந்து போவதும்தான். 'டெம்பர்' வினைச்சொல்லாக வந்தால் கோபம் இல்லை, மட்டுப்படுத்துவது. 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது மட்டுமல்ல. ஒரு கருத்துக்கு 'ஆனால்' போட்டு வரம்பு கட்டுவதும்கூட. நிறைய பேர் வழுக்கி விழுவது கடினமான வார்த்தையில் இல்லை பாஸ், இந்த மாதிரி 'ஈஸி' வார்த்தையில்தான்.

தினம் பத்து வார்த்தை, நூறு நாள். ஆயிரம் ஆச்சு! ஒவ்வொன்றுக்கும் உங்க தெருவில் இருக்கிற ஒரு ஆளை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்க. மறுநாள், மூணாம் நாள், ஏழாம் நாள் நோட்டை மூடிவிட்டு ஞாபகப்படுத்திப் பாருங்க.

பணம் கட்டும் முன்னாடி ஒரு விஷயம். தேர்வுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். அது அப்பாவோட ஒரு மாதச் சம்பளமாகக்கூட இருக்கலாம். 2020-க்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் ஜி.ஆர்.இ. கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டன. நீங்க சேர நினைக்கும் துறை கேட்கிறதா என்று முதலில் பாருங்க. கேட்டால், துணிஞ்சு இறங்குங்க.

இந்த வார ஹோம்வொர்க்: கோபக்காரர், சோம்பேறி, முகஸ்துதி பாடுபவர். மூணு பேருக்கும் தலா மூணு ஆங்கில வார்த்தை பிடிச்சு வைங்க. அடுத்த வாரம் ஒப்பிட்டுப் பார்ப்போம்!