மாடு மேய்க்கப் போ என்னும் வசை

“நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு.” தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த எவரும் இந்த வாக்கியத்தைத் தமக்கோ பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கோ சொல்லக் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். கல்லூரியில் தமிழ் கற்பிக்க வந்த பிறகு சொல்லியும் இருக்கிறேன். ஆகவே இக்கட்டுரையில் வரும் குற்றச்சாட்டுகளில் எனக்கும் பங்குண்டு.

அண்மையில் ஆசிரியர்கள் கூடியிருந்த ஓர் அரங்கில் கல்வியாளர் ஒருவர் பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றிப் பேசினார். “நாம் செல்பேசியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம், பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள்” என்றார். அரங்கம் சிரித்தது, கைதட்டியது. அப்படி ‘ஆடு மேய்க்கப் போன’ பிள்ளைகளுள் ஒருத்தியை எனக்குத் தெரியும் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்னவாசலுக்கு மேற்கே உள்ளது எங்கள் ஊர். 2020 இல் அந்தப் பெண் பத்தாம் வகுப்பு. அவள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. ஆகவே காலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவாள். ஒரு கையில் அண்ணனுடைய பழைய செல்பேசி. இன்னொரு கையில் தாயை இழந்த வெள்ளாட்டுக் குட்டி ஒன்று. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதற்குப் புட்டிப்பால் கொடுக்க வேண்டும், வீட்டில் விட்டுவர ஆளில்லை. ஒருநாள் கணக்கு வகுப்பின் நடுவே குட்டி கத்திவிட்டது. “யார் வீட்டில் அது?” என்று அந்தப் பக்கமிருந்து குரல். “எங்க குட்டி சார், பசிக்குது” என்றாள் இவள். “அப்படியானால் நீ அதையே மேய்க்கப் போயிடும்மா, கணக்கெல்லாம் எதற்கு?” நாற்பது செல்பேசிகள் சிரித்த ஒலியைத் திண்ணைக்கு உள்ளே நாற்காலியில் அமர்ந்திருந்த நான் கேட்டேன். அவள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் குட்டிக்குப் பாலைப் புகட்டினாள். கணக்கையும் தொடர்ந்து எழுதினாள்.

அவளிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. எந்த ஆடு எந்தத் தேதியில் ஈன்றது, குட்டி பிறந்தபோது என்ன எடை, குடற்புழு நீக்க மருந்து கொடுத்தது எப்போது, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டது எப்போது என்று கோடு கிழித்துப் பத்தி பத்தியாக எழுதியிருந்தாள். தொங்கு தராசில் சாக்கைக் கட்டி அதில் குட்டியை உட்காரவைத்து எடை பார்ப்பாள். ஆட்டின் வாய்ப்புண்ணைப் படமெடுத்துக் கால்நடை மருந்தகத்து மருத்துவருக்கு அனுப்பிவைத்து, அவர் சொன்னதையும் எழுதிவைப்பாள். கணக்கு வகுப்புக்கு வந்த அதே செல்பேசிதான். இணையவழிக் கல்வி தோற்றது என்று பேசும் நம்மில் எத்தனை பேர் நம் மாணவரிடம் இப்படியொரு பதிவேட்டைக் கண்டிருக்கிறோம்?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020, 2021 ஆம் ஆண்டுகளின் பள்ளி மூடலை நான் புகழ வரவில்லை. செல்பேசி வாங்க முடியாத வீடுகள் பல. 2019 இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியைப் பார்க்க மின்சாரமும் நேரமும் வாய்க்காத பிள்ளைகளும் உண்டு. முன்பணம் வாங்கிய பெற்றோரால் கிடைக்கு அனுப்பப்பட்டு, கொத்தடிமையாக ஆடு மேய்த்த சிறுவர்கள் நம் பக்கத்திலும் தஞ்சைப் பகுதியிலும் மீட்கப்பட்டிருக்கிறார்கள். 1976 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் வேலையற்றுப் போகவில்லை. அந்தச் சிறுவனின் துயரத்தை மேய்ச்சல் காவியமாக எழுதுகிற நண்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவனை அடிமையாக்கியது கடன். ஆட்டின் மீது பழியைப் போட்டால் கடன் கொடுத்தவன் தப்பித்துவிடுகிறான்.

நம் துறைக்கு வருவோம். முல்லைத் திணையின் கருப்பொருள் யாது என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். தொழில் என்ற இடத்தில் ‘நிரை மேய்த்தல், ஏறு தழுவுதல்’ என்று எழுதினால் சரி போடுகிறோம். மணி அடித்ததும் அதே நிரை மேய்த்தலைத் திட்டாக வீசுகிறோம். கல்வி என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் செல்வம் என்னும் பொருளில் வள்ளுவர் ஆளும் சொல் ‘மாடு’. கல்வியைப் புகழ்வதற்கே அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. நமக்கோ கல்வியற்றவனை இகழ்வதற்கு அது தேவைப்படுகிறது.

மணிமேகலையின் ஆபுத்திரனை நினைத்துக்கொள்ளுங்கள். ஈன்றவள் கைவிட்ட குழந்தையை ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. வேதம் ஓதிப் புலமை பெற்று வளர்ந்த அவன், வேள்விக்கெனக் கட்டிவைக்கப்பட்ட பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துப் போகிறான். பிடித்தவர்கள் அடிக்கிறார்கள்; ஆவின் மகன் என்று இழிக்கிறார்கள். விலங்குகள் வயிற்றில் பிறந்த முனிவர்களின் பெயர்களை அவர்களுடைய நூல்களிலிருந்தே அடுக்கிப் பதில் சொல்கிறான். நூலறிவும் விலங்கின் மேல் பரிவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதைப் பொறுக்காமல் ஊரே கூடித் துரத்தியது. அந்தக் காதையை நாம் பல்கலைக்கழகத்தில் அறக்கோட்பாடு என்று கற்பிக்கிறோம். திண்ணையில் குட்டியோடு உட்கார்ந்திருப்பவளிடம் அதைக் காணத் தெரியவில்லை.

வீட்டிலிருந்து படிப்பது படிப்பே அல்ல என்பாருக்கு நம்மூர்க்காரர் ஒருவரை நினைவூட்டுகிறேன். 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டிலேயே பாடம் கேட்டவர். 1902 இல் மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று எழுந்த எதிர்ப்பை மீறி 1904 இல் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். 1912 இல் மருத்துவரானார். அந்த வீட்டுப் படிப்பைக் குறைப் படிப்பென்று இன்று எவரும் சொல்வதில்லை. ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு ஒரே நாளில் இரண்டு திட்டங்களைத் தொடங்கியது. மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி, ஏழை வீட்டுப் பெண்களுக்கு விலையில்லா ஆடும் கறவை மாடும். இப்பெண்ணின் அம்மாவுக்குப் பின்னர் கிடைத்த நான்கு ஆடுகளின் வழிவந்தவைதான் இவளுடைய மந்தை. ஆடும் கணினியும் ஒரே வீட்டுக்குள் போகலாம் என்பது கோட்டைக்குத் தோன்றியிருக்கிறது. ஆசிரியர் அறைக்குத்தான் தோன்றவில்லை.

பல்கலைக்கழகம் தொழுவத்திடம் கற்கக்கூடாதா என்ன? தஞ்சையில் பணியாற்றிய கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மடிவீக்கத்துக்குப் பரிந்துரைத்த மருந்து 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு. இன்று அது தேசிய பால்வள வாரியத்தின் வழியாகப் பிற மாநிலங்களுக்கும் போயிருக்கிறது. நம் பாட்டிகளின் கைப்பக்குவத்தை ஒருவர் அளந்து எழுதியதால் வந்த பயன் இது. அளந்து எழுதுவதைத்தான் அந்த நாற்பது பக்க நோட்டும் செய்தது.

கால்நடை மருத்துவப் பட்டத்துக்குச் சேர்க்கை எப்படி நடக்கிறது? மாநில ஒதுக்கீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அளவு: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, நல்லது. ஒரத்தநாட்டில் 2012 முதல் கல்லூரியும் இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்விடலாம். ஆனால் அந்த 200 இல் ஒரு புள்ளிகூட ஆட்டைத் தொட்டுப் பார்த்ததற்குக் கிடையாது. இயற்பியலை எடுத்துவிடச் சொல்லவில்லை. மருத்துவருக்கு அது வேண்டும். உயிரியல் பாடத்தில் பள்ளியே போடுகிற அகமதிப்பீடு 10 மதிப்பெண் இருக்கிறதல்லவா, அதில் இத்தகைய பதிவேட்டைக் கணக்கில் எடுக்க எந்த ஆசிரியருக்குக் கை வராது? வராது என்பதுதான் என் அனுபவம். ஆடு என்றதும் நம் கை பின்வாங்குகிறது.

அவள் 2023 இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். கட்-ஆஃப் எட்டவில்லை. எங்கள் கல்லூரியில் வரலாறு சேர்ந்தாள். பொதுத்தமிழ் வகுப்பில் என் எதிரிலேயே அமர்ந்தாள். முதல் அகத்தேர்வில் முல்லைத் திணைக் கேள்வி. விலங்கு என்ற இடத்தில் ஆ, மான், முயல் என்று எழுதியவள், அதன் கீழே மழைக்காலத்தில் செம்மறிகளுக்கு நீலநாக்கு நோய் வரும் என்றும், கொசு போன்ற சிறு பூச்சி அதைப் பரப்பும் என்றும், கார்காலத்தை முல்லைக்குரிய பெரும்பொழுது என்று வைத்தவர்கள் பட்டியைப் புகைபோட்டுக் காத்திருக்க வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்த்திருந்தாள்.

‘வினாவுக்குத் தொடர்பற்றது’ என்று சிவப்பு மையால் அடித்து, ஐந்துக்கு மூன்று போட்டேன்.