ஒரே பீரோவில் இரண்டு பந்துகள்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வீட்டுச் சேகரிப்புகளைப் பார்க்கப் போகும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓலைச்சுவடிக்கும் செப்புத் திருமேனிக்கும் காட்டுகிற அக்கறையில் கொஞ்சத்தை விளையாட்டுப் பந்துகளுக்கும் காட்டுங்கள். இரும்புப் பந்தும் தோல் பந்தும் ஒரே தட்டில் இருந்தால், பார்த்த அன்றே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். முந்தையதற்கு வறட்சி வேண்டும், பிந்தையதற்கு அளவான ஈரம் வேண்டும். இரண்டையும் ஒரே பாலித்தீன் பையில் போட்டு, நாலு நாப்தலின் உருண்டையோடு பீரோவுக்குள் பூட்டுவதுதான் நம் வீடுகளின் வழக்கம். அந்தப் பைக்குள் இரண்டுமே கெடுகின்றன.

இந்தப் பந்துகள் எப்படி வந்தன என்பது இந்த மண்ணின் வரலாறு. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள். சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தாக்களின் குடும்பங்களில் பெத்தாங்க் ஆட்டமும் அதன் உலோகக் குண்டுகளும் தங்கின. தோல் பந்துகளின் கதை வேறு. 2018-19 பருவத்தில் புதுச்சேரி அணி முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. துத்திப்பட்டு மைதானத்துக்கு வெளியூர் அணிகள் வரத் தொடங்கின. ஆனால் அதற்கு வெகு முன்பே ஊர் அணிகள் வென்ற ஆட்டத்தின் பந்தில் தேதியையும் ஓட்டங்களையும் பேனாவால் எழுதி வைத்திருக்கின்றன. அந்தப் பந்துகளுக்கு வேறு ஆவணம் கிடையாது. பந்தே ஆவணம்.

முதலில் பெத்தாங்க். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் பிரான்சின் லா சியோத்தாவில் உருவான ஆட்டம் இது. அந்தக் காலத்துக் குண்டு மரத்தால் ஆனது. பாக்ஸ்வுட் மரத்தின் வேரைக் கடைந்து, மேற்பரப்பு முழுவதும் ஆணிகளை நெருக்கமாக அடித்திருப்பார்கள். 1920களில் பால் கூர்த்தியே வார்ப்பு வெண்கலக் கலவையில் ஒரு குண்டைக் கொண்டுவந்தார். அதன் பிறகு இரண்டு எஃகு அரைக்கோளங்களைப் பற்றவைத்துச் செய்யும் முறை வந்து நிலைத்தது. இன்று பலருக்கும் தெரிந்த ஒபூ நிறுவனம் 1955இல் தொடங்கியது. போட்டிக்கான குண்டு 650 முதல் 800 கிராம் எடை, 70.5 முதல் 80 மில்லிமீட்டர் விட்டம் இருக்கவேண்டும். தயாரிப்பாளர் பெயரும் எடையும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஆடியவரின் பெயரெழுத்தும் இருக்கும்.

ஒரு குண்டின் காலத்தையும் உரியவரையும் சொல்லக்கூடியவை இந்தப் பொறிப்புகள்தான். நம் வீடுகளில் முதலில் அழிவதும் இவைதான். பொங்கலுக்குப் பாத்திரம் துலக்கும்போது வெண்கலக் குண்டையும் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். எஃகுக் குண்டுக்கு உப்புத்தாள், பிறகு தேங்காயெண்ணெய். புளியின் அமிலம் ஒவ்வொரு முறையும் ஒரு படலம் உலோகத்தைத் தின்கிறது. உப்புத்தாள் மேல் துருவோடு பொறிப்பின் விளிம்பையும் எடுத்துவிடும். தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் புழுதியை இழுத்து வைத்துக்கொள்ளும்; கெட்டுப்போகையில் அதில் பிறக்கும் கொழுப்பமிலம் உலோகத்துக்கு ஆகாது. இதையெல்லாம் அந்த வீட்டு அம்மா அக்கறையால்தான் செய்கிறார். குறை சொல்லாமல், அவர் கையில் வேறு வேலையைக் கொடுப்பது நம் பொறுப்பு.

மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. எஃகின் மேல் குளோரைடு படிந்துவிட்டால், சுத்தமான எஃகைப் பாதிக்காத குறைந்த ஈரப்பதத்திலும் துரு ஓடும். அங்கே எஃகுக் குண்டை வடிநீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி, உடனே ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசவேண்டும். கையுறை கட்டாயம், வியர்வையிலும் அதே உப்புதான் இருக்கிறது. பிறகு இறுக்கமாக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பத மானி. முள் 40 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் போதும். ஜெல் நிறம் மாறியதும் வெயிலில் காயவைப்பதால் பயனில்லை, நம் ஊர்க் காற்றில் அது மறுபடி ஈரத்தைத்தான் குடிக்கும். அதற்கென்றே ஒதுக்கிய வாணலியில் சிறுதீயில் சூடாக்கி, பழைய நிறம் திரும்பியதும் ஆறவைத்துப் போடச் சொல்லுங்கள்.

இதே டப்பாவில் கிரிக்கெட் பந்தை வைத்தால் தோல் காய்ந்து தையலோரம் விரியும். சிவப்புப் பந்தின் தோல் பெரும்பாலும் படிகாரத்தால் பதப்படுத்தப்பட்டது. செருப்புத் தோல் போன்றதல்ல அது: படிகாரம் தண்ணீரில் கரைந்து போய்விடும், போனால் தோல் விறைத்துக் கொம்பு மாதிரி ஆகிவிடும். ஆகவே ஈரத்துணியால் துடைப்பது கூடவே கூடாது. பந்தில் ஒட்டியிருக்கும் செம்மண்ணும் ஒரு பக்கம் தேய்த்து ஏற்றிய பளபளப்பும் அந்த ஆட்டத்தின் தடயங்கள், அவை இருக்கட்டும். தோலுக்கு எண்ணெய் ஊட்டும் பழக்கத்தையும் விடவேண்டும். ஒரு காலத்தில் பெரிய அருங்காட்சியகங்களே தோலுக்கு எண்ணெய்க் கலவை பூசின. பிசுபிசுப்பும் கறையும் கண்ட பிறகு அவை கைவிட்டுவிட்டன. உள்ளே தக்கையும் அதைச் சுற்றிய கம்பளி நூலும் உண்டு. தையல் பிரிந்த பந்தில் அந்தக் கம்பளியைத் தேடிப் பூச்சி வரும். பூச்சிக்குப் பயந்து நாப்தலின் போட்டால் நெடியை மூச்சில் வாங்குவது வீட்டுப் பிள்ளைகள். மாதம் ஒருமுறை பந்தை எடுத்துத் தையலோரத்தைப் பார்ப்பதே போதுமான காவல்.

அமெரிக்கர்களின் பேஸ்பால் சேகரிப்பிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. டென்வர் நகரம் சுமார் 1600 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றில் இருக்கிறது. அங்கே பந்துகள் காய்ந்து இறுகியதால், கொலராடோ ராக்கீஸ் அணி 2002 முதல் பந்துகளை 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறையில் வைக்கத் தொடங்கியது. நமக்குத் தலைகீழ்ச் சிக்கல் என்றாலும் தோலும் கம்பளியும் கேட்கும் அளவு அதுவேதான். இரண்டாவது: கையெழுத்து அழியாமலிருக்க அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் பந்துக்கு அரக்கு வார்னிஷ் அடித்தார்கள். இன்று அந்தப் பந்துகள் பழுத்துக் கருத்து, கையெழுத்தே மங்கிக் கிடக்கிறது. நம் பக்கத்திலும் கோப்பைகளுக்கு வார்னிஷ் அடிக்கும் கை பந்தையும் விடுவதில்லை. எழுத்தைக் காப்பது இருட்டுதான். பேனா மையின் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். காட்சிக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம், ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம்.

உண்மையில் கடினமான பொருள் ஆணி அடித்த மரக்குண்டு. ஒன்று கிடைத்துவிட்டால் நம் படிப்பு முழுவதும் அங்கே சோதிக்கப்படும். இரும்பு வறட்சி கேட்கிறது. அந்த வறட்சியில் மரம் சுருங்கி ஆணிகள் தளரும். மரத்துக்கு இதமான ஈரத்தில் ஆணித் துரு பருத்து மரத்தைப் பிளக்கும். ஏற்கெனவே துருவேறிய ஆணியைச் சுற்றி மரம் கருத்து நொய்ந்திருக்கும். இங்கே இரண்டுக்கும் பொதுவாக 45இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் நிறுத்துவதே வழி என்பது எங்கள் கருத்து. அந்த எண்ணைவிட அது மாறாமல் நிற்பது முக்கியம். ஐப்பசி மழையில் 85, பங்குனியில் 55 என்று ஏறி இறங்கும் அறையில் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் ஓர் ஆணியை அசைக்கிறது. தளர்ந்த ஆணியைத் தட்டி இறக்காதீர்கள், பசை போடாதீர்கள். விழுந்த ஆணியை எந்த இடத்தது என்று குறித்துச் சிறு உறையில் போட்டுக் குண்டோடு வையுங்கள்.

பீரோவைப் பற்றி. ஊசுட்டேரி, பாகூர் ஏரிப் பக்கத்து வீடுகளில் மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் கோத்து நிற்கும். அந்தச் சுவரோடு ஒட்டிய இரும்பு பீரோவின் முதுகுத் தகட்டில் விடியற்காலையில் நீர் முத்தும். பீரோவை உட்சுவருக்கு மாற்றி ஒரு சாண் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். செலவில்லாத வேலை, இருந்தும் அறிக்கைகளில் இதை எழுதாமல் விலையுயர்ந்த பெட்டிகளையே பரிந்துரைக்கிறோம். தோல் பந்துக்கு அமிலமற்ற அட்டைப்பெட்டி போதும். செய்தித்தாளில் சுற்றவேண்டாம், பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம். பந்து சமதளத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்தால் அடி தட்டையாகும். காடாத்துணியைக் கஞ்சி போகும்வரை வெந்நீரில் அலசிக் காயவைத்து, பிரிமணையாகச் சுருட்டி அதன்மேல் உட்காரவையுங்கள். பானைக்குப் பிரிமணை பின்னத் தெரிந்த பாட்டி எந்த வீட்டிலும் ஒருவர் இருப்பார். நம்மைவிட அவர் நன்றாகச் செய்வார்.

பதிவு எண்ணைத் தோலில் எழுதக் கூடாது, பருத்தி நூலில் சீட்டுக் கட்டினால் போதும். எஃகில் பாராலாய்ட் பி-72 படலத்தின் மேல் எழுதலாம், பிறகு நீக்கிவிடலாம். எழுத்துள்ள பந்தை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்திலும் ஒருமுறை. எந்த ஆட்டம், யார் வீசியது, பந்து எப்படி வீட்டுக்கு வந்தது என்பதைப் பெரியவர் இருக்கும்போதே அவர் வாயால் கேட்டுப் பதிவுசெய்து, அந்தப் பதிவின் ஒரு பிரதியை வீட்டிலேயே விட்டு வாருங்கள். பந்தைக் கேட்டு வாங்கி வராதீர்கள். நம் கிடங்குகளில் இடமும் ஆளும் போதாது. தினமும் கண்ணில் படுகிற இடத்தில் அது இன்னும் கவனமாகப் பார்க்கப்படும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள், ஆளுக்கு இரண்டு வீடாவது பார்த்து ஈரப்பத மானியை வைத்துவிட்டு வாருங்கள். தை பிறந்ததும் அந்த அளவீடுகளை எங்களுக்கு அனுப்புங்கள். ஏரிக்கரை வீடு, கடலோர வீடு, உள்ளூர் வீடு என்று பிரித்து இந்த இதழில் அட்டவணையாக வெளியிடுவோம்.