‘புகாரே வரவில்லை’ என்ற பதிலை ஏற்க மாட்டோம்

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் நிர்வாகக் கடமை: எங்கள் சங்கத்தின் மாநிலச் செயற்குழு நிலைப்பாடு

நூற்பாலை ஒன்றின் உள்ளகப் புகார்க் குழு அளித்த முடிவும், அதன்பின் நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பும் உறுப்பினர்கள் அறிந்தவை. நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. புகார் கொடுத்தவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. ஆலையின் பெயரையும் அதனால்தான் தவிர்க்கிறோம்.

சம்பவம் நடந்து மூன்று மாதம் கடந்துவிட்டதாகச் சொல்லிக் குழு புகாரைத் தள்ளியிருக்கிறது. தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம் என்கிறது 9ஆவது பிரிவு. அந்தப் பெண்ணிடம் காரணமே கேட்கப்படவில்லை. இந்த முடிவு செல்லாது என்பதில் செயற்குழுவுக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் எங்களைக் கொதிக்க வைத்தது அறிவிப்பின் கடைசி வரி. இதற்கு முன் ஒரு புகாரும் வந்ததில்லையாம். ஆகவே தடுப்புக் கடமையை ஆலை முழுமையாக நிறைவேற்றிவிட்டதாம்.

புகார் எப்படி வரும்? லீவுக்குக் கையெழுத்துப் போடுபவர் சூப்பர்வைசர். யாருக்கு இரவு ஷிப்ட், யாருக்கு ஓ.டி. என்று முடிவு செய்பவரும் அவரே. விடுதிப் பெண் வெளியே போக வார்டன் அனுமதிக்க வேண்டும். வார்டனுக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். புகார்க் குழுவின் தலைவி, ஹெச்.ஆர். மேலாளருக்குக் கீழே வேலை பார்ப்பவர். சட்டம் கேட்கும் வெளி உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதும் நிர்வாகம்தான். அவர் முகத்தைப் பார்த்த தொழிலாளர் அங்கே எத்தனை பேர்? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்களுக்கு, நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் தொங்கும் தாள் என்ன சொல்லும்? வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வா என்பார்களே என்ற பயம் வேறு. எல்லாவற்றையும் மீறி ஒருத்தி எழுதிக் கொடுத்தால், பொய்ப் புகாருக்கு நடவடிக்கை உண்டு என்று 14ஆவது பிரிவைக் காட்டி மிரட்டுகிறார்கள். நிரூபிக்க முடியாததாலேயே புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று அதே பிரிவில் இருப்பதை யாரும் படித்துக் காட்டுவதில்லை. வாயை அடைத்துவிட்டு, சத்தமே இல்லை பாருங்கள் என்கிறார்கள். இது எங்கள் பெண்களுக்குச் செய்யும் அவமானம்.

புகாருக்காகக் காத்திருக்கும்படி 19ஆவது பிரிவு எங்கும் சொல்லவில்லை. பாதுகாப்பான சூழலை உண்டாக்குவது, தண்டனை விவரங்களைக் கண்ணில் படும்படி வைப்பது, பயிற்சி தருவது, பெண் விரும்பினால் காவல்துறையில் புகார் கொடுக்க உதவுவது எல்லாம் முதலாளியின் கடமை. 1997இல் விசாகா தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் கடுமையான குறைபாடுகள் இருப்பதாக 2023 மே மாதத்தில் அதே நீதிமன்றம் வருந்தியது. கடமை தவறினால் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 50,000 ரூபாய். இது போதாது.

ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும் சட்டத்துக்குள் வருகிறார்கள். கம்பெனி பஸ்ஸும் பணியிடம்தான். விடுதியையும் அப்படியே கருத வேண்டும் என்பது எங்கள் நிலை. ஆண் தொழிலாளர்கள் சந்திக்கும் துன்புறுத்தலை இந்தச் சட்டம் தொடவில்லை. அதுபற்றித் தனியே விவாதிக்கப்படும்.

வெளி உறுப்பினர் தேர்வில் தொழிலாளர் கருத்தும் கூடியவரை கேட்கப்பட வேண்டும். ‘கட்டாயம்’ என்றே எழுத வேண்டும் எனச் செயற்குழுவில் சிலர் வற்புறுத்தினர். தொழிலாளர்களே தங்கள் உற்பத்தி வரிசைகளில் துன்புறுத்தலைக் கண்காணிக்க வழிசெய்த 2022ஆம் ஆண்டு திண்டுக்கல் ஒப்பந்தத்தை மற்ற ஆலைகளும் முன்மாதிரியாகப் பரிசீலிக்கலாம். மாவட்ட ஆட்சியர்கள் ஆலைகளுக்கு நேரில் ஆய்வுக் குழுக்களை அனுப்ப வேண்டும். கோப்பைப் பார்த்துக் கையெழுத்திடும் ஆய்வு எங்களுக்கு வேண்டாம்.

வேலைநிறுத்தம் குறித்து இப்போதைக்கு முடிவெடுக்கவில்லை. 18ஆவது பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது. அந்தப் பெண் சம்மதித்திருக்கிறார். மனு தயாராகிறது, வழக்குச் செலவைச் சங்கம் ஏற்கும். அதற்குள் அவரை வேறு ஷிப்டுக்கோ வேறு ஊருக்கோ மாற்றினால், அதைப் பழிவாங்கலாகவே எடுத்துக்கொள்வோம்.